இரண்டாவது இறுக்கு

எனக்குக் காலையில் சீக்கிரம் எழுந்துகொள்ளும் பழக்கம் உண்டு, ஐயா. கல்லூரியின் குதிரையேற்ற அணியில் நான் சேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீங்கள் விசாரணை அதிகாரி. இதற்குப் பின்னால் ஏதோ பெரிய திட்டம் இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கல்லூரி திறந்த முதல் வாரம் எல்லா மன்றங்களும் மைதானத்தில் மேசை போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. சதுரங்க மேசையில் கூட்டம் நெரிந்தது. நாடக மேசையில் அழுதுகாட்டச் சொன்னார்கள். குதிரை மேசையில் மட்டும் ஈ காக்காய் இல்லை. மூன்றாம் வருடத்து அக்கா ஒருவர் சேர்க்கைப் படிவத்தாலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைல அஞ்சரைக்கு வரணும். முடியுமா?" என்றார்.

"முடியும்" என்றேன்.

"முன்னாடி குதிரை ஓட்டியிருக்கியா?"

"ஆறு வயசுலயிருந்து."

இதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். ஆறு வயதில் பொருட்காட்சி ராட்டினத்தில் மரக்குதிரை மேல் மூன்று சுற்று சுற்றியிருக்கிறேன். உயிருள்ள குதிரையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அதுவரை என் கையை யாரும் குலுக்கியதில்லை. அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள். "குதிரையா? உன்னையா சேத்துக்கிட்டாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த வாரக் கடைசியில், மிஞ்சிய சீருடைத் துணியில் சவாரிக்கு என்று ஒரு கால்சட்டை தைத்து அனுப்பினாள். முழங்காலுக்கு உள்பக்கம் இரட்டைத் துணி. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ தெரியாது.

அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு பேர், மூன்று குதிரைகள், பதினொரு பதவிகள். குதிரைகளின் பெயர் கிழவி, நீதிபதி, அவசரம். கிழவி எதற்கும் கோபப்படாது. நீதிபதி யோசித்து யோசித்துத்தான் காலை எடுத்து வைக்கும். அவசரம் பெயருக்கேற்ற மாதிரி. எங்கள் பயிற்சியாளரை எல்லோரும் ஜெனரல் என்போம். ராணுவத்தில் இருந்தவர்தான், ஆனால் அங்கே போர்வைக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. இடுப்பு வலியால் பத்து வருடமாக அவர் குதிரை ஏறவில்லை. ஆனாலும் குதிரைகள் மேல் அவருக்கு உண்மையான பாசம் உண்டு. அதை மறுக்க மாட்டேன். "முதல்ல ஒழுங்கு, அப்புறம்தான் குதிரை" என்பார். அதனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் பருவம் முழுக்கக் குதிரை மேல் ஏறக் கூடாது. சாணி அள்ள வேண்டும், உடம்பு தேய்த்துவிட வேண்டும், தோல் வார்களுக்கு எண்ணெய் போட வேண்டும்.

இந்த ஏற்பாடு எனக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. சாணி அள்ளியபடியே பேசினேன். நூலகத்தில் குதிரை பற்றி ஏழு புத்தகங்கள் இருந்தன; ஏழையும் படித்தேன். உடன் சேர்ந்தவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். முதுகை எப்படி வைப்பது, கடிவாளத்தை எவ்வளவு இழுப்பது என்று நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் நன்றாகவே பிழைத்தேன்.

பிறகு ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் தெரியாதவனாக இருக்க வேண்டும். அந்த வாய்ப்பை நான் முதல் நாளே விட்டுவிட்டேன். இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்குக் குதிரை என்றால் பயம். சாணி அள்ளும்போதுகூட அதன் மூச்சு என் கழுத்தில் பட்டால் இரண்டடி நகர்ந்துவிடுவேன். அவ்வளவு பெரிய உடம்பு, அதற்குள் என்ன நினைப்பு ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

பருவக் கடைசியில் தேர்வு வந்தது. புதியவர்கள் ஒவ்வொருவரும் ஜெனரல் முன்னால் மைதானத்தை இரண்டு சுற்று வர வேண்டும். எனக்கு நீதிபதி என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். முந்தின நாள், விடுதி வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொண்டேன். குளம்பைச் சுத்தம் செய்வது அந்த வாரம் என் முறை. குளம்புக்கு அடியில், நடுவில், தவளையின் முதுகு மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் பக்கத்துப் பள்ளத்தில் கல்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். நீதிபதி பேசாமல் நின்றது. என்னை நம்பியது என்று நினைக்கிறேன்.

காலையில் அது நொண்டியது. நொண்டுவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவனும் நான்தான். "இதுமேல நான் ஏற மாட்டேன் சார். பாவம்" என்றேன். ஜெனரல் எல்லோரையும் கூப்பிட்டு, "பாத்தீங்களா? இதுதான் சவாரிக்காரன் கண்ணு" என்றார். ஏறாமலேயே நான் தேறினேன். கல் உள்ளே புண்ணாகிச் சீழ் வைத்து, நீதிபதி மூன்று வாரம் மூன்று காலில் நின்றது. அதற்கு நான்தான் மருந்து கட்டினேன்.

இதில் லாயக்காரர் ஒருவர் மட்டும் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தார். பத்தொன்பது வருடம் அந்த லாயத்தில் இருந்தவர். குளம்பிலிருந்து எடுத்த கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம மைதானத்துக் கல்லு இல்ல. வழவழன்னு இருக்கு. இது தானா போய் உக்காரல, யாரோ வெச்சிருக்காங்க."

"அப்படியா அண்ணே?" என்றேன்.

"கண்டுபிடிக்காம விட மாட்டேன்" என்றார். கோபத்தில் அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'லாயப் பராமரிப்பில் காணப்படும் குறைகள்' என்று தலைப்பு. ஒன்பது பக்கம், இரண்டு வரைபடம். கல்லூரி முதல்வருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு மாணவன் இவ்வளவு அக்கறையாக எழுதி அவர் பார்த்ததில்லையாம். லாயக்காரரைத் தோட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதுவரை குதிரைக்குப் புல் போட்டவர், இனிப் புல்லை வளர்ப்பார். பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவர் தினமும் வேலி ஓரம் வந்து நின்றார். கிழவி நாலு நாள் தீனி தின்னவில்லை. ஐந்தாம் நாள் தின்றது. அவரும் ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று ஒரு பழமொழி இருக்கிறது. என்னுடையது இரண்டு வருடம் ஓடியது. நான் கெட்டிக்காரன் என்று சொல்ல வரவில்லை. பழமொழிக்காரர் குதிரையேற்ற அணியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒரு தேர்வுக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டேன். இன்னொன்றுக்கு முதுகுப் பிடிப்பு. அப்புறம் கட்டெல்லாம் வேண்டியிருக்கவில்லை, கொள்கை வந்துவிட்டது. மூன்று குதிரைகளும் ஓய்வில்லாமல் உழைக்கின்றன, அவற்றின் சுமையைக் குறைக்க நான் சவாரியைத் துறக்கிறேன் என்று கூட்டத்தில் அறிவித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டாம் வருடம் என்னைக் கேப்டனாக்கினார்கள். குதிரை மேல் ஒரு தடவைகூட உட்காராமல் ஒருவன் குதிரையேற்ற அணிக்குக் கேப்டன் ஆனதைப் பற்றி நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நீங்களே சுற்றுமுற்றும் பாருங்கள், ஐயா. எந்த அலுவலகத்தில் இது நடக்கவில்லை?

கேப்டன் ஆனதும் விதிகள் எழுதினேன். அதில் பதினான்காவது விதி முக்கியம்: சவாரி செய்பவரைக் கீழே தள்ளிய குதிரைமேல் அன்றைக்கு மறுபடி யாரும் ஏறக் கூடாது. குதிரையின் மனநிலையைக் கருதி எழுதியது.

அந்த வருடம் புதியவர்களைச் சேர்க்கும் மேசையில் நான் உட்கார்ந்தேன். அப்போது வந்தவள்தான் அவள். முன்னாடி ஓட்டியிருக்கியா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. குதிரையப் பக்கத்துல பாத்ததே இல்ல. பயமாதான் இருக்கு. ஆனா கத்துக்கணும்" என்றாள்.

இப்படி ஒருத்தி பதில் சொல்வாள் என்று நான் நினைத்ததில்லை. அதைக் கேட்டு எனக்கு ஏதோ ஓர் எரிச்சல் வந்தது. சேர்த்துக்கொண்டேன். அணியின் ஹெல்மெட் அவள் தலைக்குப் பெரிதாக இருந்ததால் கண்ணை மறைத்தது; அதனால் தொப்பி என்று பெயர் வைத்தார்கள். தொப்பி முதல் மாதத்தில் பதினேழு தடவை விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிப்பாள். மண்ணைத் தட்டிக்கொண்டு, "இப்ப என்னண்ணா தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் வருவாள். நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வேன். அவள் அதை அப்படியே செய்வாள். என்ன ஆச்சரியம் என்றால், அது பலித்தது. ஆறு மாதத்தில் அவசரத்தை அவளைப் போல அடக்கி ஓட்ட அணியில் ஆளே இல்லை. அதன் மேல் உட்கார்ந்தால் இருவருக்கும் ஒரே முதுகெலும்பு போலிருக்கும்.

நான் அவளை வெறுத்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அவளுடைய வெற்றியில் என் பங்கும் இருக்கிறது.

சேண அறையில் ஒரு மரத்தாங்கி உண்டு. சேணங்களைத் துடைப்பதற்காக அதன்மேல் போட்டு வைப்போம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அறையைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாங்கி மேல் கொஞ்ச நேரம் உட்காருவது என் வழக்கம். கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து எழுந்து உட்காருவேன். ஒருநாள் நான் வலது பக்கத்திலிருந்து காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தொப்பி நின்றாள்.

"அண்ணா, இடது பக்கம்ல ஏறணும்?" என்றாள் சிரித்தபடி. அப்புறம் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். மரத்தாங்கியைப் பார்த்தாள். அவள் அறிவுள்ள பெண்.

"உங்களுக்கு... தெரியாதாண்ணா?"

நான் தாங்கியிலிருந்து இறங்கினேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொல்லித் தரேண்ணா. ஞாயித்துக்கிழமை இங்க யாரும் வர மாட்டாங்க. கிழவி ரொம்ப சாது. ஒரு மாசம் போதும். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கேலி செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டாள், ஐயா. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், எதைச் சொல்லாமல் இருக்கிறாள் என்பதுதான் எனக்குக் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி மூன்று வாரத்தில் வந்தது. எங்கள் மைதானத்தில், எங்கள் குதிரைகளோடு. இந்தப் போட்டியில் ஒரு முறை உண்டு: யாருக்கு எந்தக் குதிரை என்று முன்கூட்டியே தெரியாது. பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அன்று காலை எங்கள் ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல். ஜெனரல் என் தோளைத் தட்டி, "துறவு போதும் கேப்டன். நாலு கல்லூரி வந்திருக்கு, நம்ம மானத்தக் காப்பாத்து" என்று பட்டியலில் என் பெயரை எழுதினார். மறுக்க நேரமில்லை. கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள். கடைக்கு லீவு போட்டுவிட்டு, உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சீட்டு எடுத்தேன். அவசரம் என்று வந்தது. கடைசி முறை என்னுடையது. எனக்கு முன்னால் அதே குதிரையில் தொப்பி.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என்னைவிட அவளுக்குத்தான் பதற்றம்.

"பயப்படாதீங்கண்ணா. நான் முதல்ல போய் அத நல்லா களைப்பாக்கி விட்டுடறேன். அப்புறம் நீங்க சும்மா உக்காந்தா போதும், அதுவே சுத்திட்டு வந்துடும்."

அது நல்ல யோசனைதான். ஆனால் அதில் நான் ஏற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் குதிரையின் ஒரு குணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சேணத்தை முதுகில் வைத்து வயிற்று வாரை இறுக்கும்போது, அது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நாம் இறுக்கியாயிற்று என்று நகர்ந்ததும் மூச்சை விடும். வார் தொளதொளவென்று ஆகிவிடும். அவசரம் இதில் கைதேர்ந்தது. ஆகவே பத்தடி நடக்கவிட்டு மறுபடி இரண்டு துளை இறுக்க வேண்டும். இதை இரண்டாவது இறுக்கு என்போம். மைதான வாசலில் நின்று அதைச் செய்வது கேப்டனின் பொறுப்பு. செய்துவிட்டு 'சரி' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சவாரி செய்பவர் குனிந்து வாரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டால் கேப்டனை அவமதித்ததாகும். ஜெனரல் கொண்டுவந்த ஒழுங்கு அது. வேறெந்த அணியிலும் இப்படிக் கிடையாது என்று அவருக்குப் பெருமை.

தொப்பி வாசலுக்கு வந்தாள். நான் வாரின் மேல் கையை வைத்தேன். உள்ளே மூன்று விரல் தாராளமாகப் போயிற்று. இறுக்காமல் கையை எடுத்துவிட்டேன். "சரி" என்றேன்.

அவள் குனியவில்லை. "தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது திருப்பத்தில் சேணம் சரிந்து குதிரையின் வயிற்றுக்கு அடியில் போயிற்று. அவள் பாதம் அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், மாட்டிக்கொண்டது. நாற்பத்தாறு அடி இழுத்துக்கொண்டு போனது. அறிக்கைக்காக நான்தான் பிறகு அளந்தேன். முதலில் ஓடியவனும் நான்தான். யாரோ கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார்கள், நான் பக்கத்தில் நின்றேன். புகைப்படத்தில் நான் பிடித்திருப்பது போல விழுந்திருக்கிறது. பதினான்காவது விதிப்படி அவசரத்தை விலக்கினார்கள். நான் ஏற வேண்டியிருக்கவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளை, நீ ஏறல" என்று அழுதாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மருத்துவமனையில் அவளைப் போய்ப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே இனி அசைவு இருக்காது என்று மருத்துவர் வெளியிலேயே சொல்லிவிட்டார். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஓடி வந்து காப்பாற்றியதற்கு நன்றி சொன்னார். தொப்பி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த விஷயம் நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

வாரைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. என் சவாரி விஷயத்தைத்தான் சொன்னாள். வார் தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் இறுக்கை அவள்தான் போட்டாளாம், சரியாகப் போடவில்லையாம். நான் மறுக்கவில்லை. நோயாளியிடம் வாதம் செய்யக் கூடாது.

முதல் விசாரணையில் குதிரை மேல் பழி போட்டேன். முரட்டுக் குதிரை, அதைச் சுட்டுவிடுவதுதான் நல்லது என்று எழுதிக் கொடுத்தேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் அவசரத்துக்கு நான் பறித்தேன். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜெனரலுக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் குழு முன்னால் வந்து அழுதாராமே. "என் குதிரை தப்பு பண்ணாது. வர்ற திங்கக்கிழமை கேப்டனே அதுமேல ஏறி ஓட்டிக் காட்டுவான், நீங்க எல்லாரும் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். நீங்களும் ஒத்துக்கொண்டு, காலை பத்து மணி என்று கடிதம் அனுப்பிவிட்டீர்கள். வீடியோ எடுப்பதாகவும் போட்டிருந்தது.

மூன்று நாள் யோசித்தேன், ஐயா. மணிக்கட்டுக் கட்டு பழசாகிவிட்டது. கொள்கையை யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் இன்று நானாகவே வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

குதிரை மேல் தப்பில்லை. வாரை இறுக்காதவன் நான். இறுக்கவில்லை என்று தெரிந்தே 'சரி' என்றவன் நான். அவள் விழுவாள் என்று தெரியும். விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். நீதிபதியின் குளம்பில் கல் வைத்ததும் நான்தான். லாயக்காரரை எங்கேயாவது தேடிப் பிடித்தால் சொல்லிவிடுங்கள். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். எத்தனை வருடம் என்றாலும் பரவாயில்லை. திங்கட்கிழமைக்கு வைத்திருக்கும் அந்தச் சோதனை இனித் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சவாரி பற்றி நான் சொன்னது மட்டும் நமக்குள் இருக்கட்டும். அம்மா கடைச் சுவரில் நான் குதிரைப் பக்கத்தில் நிற்கும் படத்தை மாட்டி வைத்திருக்கிறாள். பிள்ளை ஜெயிலுக்குப் போனதை எப்படியோ தாங்கிக்கொள்வாள். இதைத் தாங்க மாட்டாள். தொப்பியும் சொல்ல மாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். காரணம் என்று ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும் என்பீர்கள். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள். நன்றாகக் குதிரை ஓட்டுகிற ஒருவனுக்கு, தன் அளவுக்கே ஓட்டுகிற இன்னொருத்தி மேல் வருமே, அந்தப் பொறாமை.